அடியில் பூனை போக வேண்டும்

ஹைதராபாத்தின் மென்பொருள் நகரம் முழுவதையும் கட்டியவர் எங்கள் ஆரோக்கியசாமிதான். அவருக்குத் தெரியாமல் மாதாப்பூரில் ஒரு செங்கல் வைத்தது கிடையாது.

சரி, கொஞ்சம் குறைத்துக்கொள்கிறேன். அவர் செங்கலைத் தொட்டதே இல்லை. கண்ணாடிக் கோபுரங்கள் எழும்புவதற்கு முன் அந்தப் பாறைக்காட்டில் வந்து நின்ற தகர அறைகளைச் செய்தவர் அவர். எஞ்சினியர் வரைபடம் விரித்த அறை, காவலாளி உட்கார்ந்த கூண்டு, இன்னும் கட்டப்படாத வீட்டை விற்பதற்காக ஏ.சி. போட்டு வைத்திருந்த ஆபீஸ், எல்லாம் அவர் கைவேலை. கோபுரம் எழும்பியதும் அறைகளைக் கழற்றி லாரியில் ஏற்றிக்கொண்டு அல்வாலில் இருக்கும் தம் பட்டறைக்கு வந்துவிடுவார். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பார்களே, அதுபோல நகரம் வந்து உட்காரும்வரை அதற்கு இடம் பிடித்து வைத்தவர் என்று சொன்னால் பொய்யாகாது.

அவருடைய அப்பா லாலாகூடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர் ஆரோக்கியசாமி. அப்பா ஓய்வு பெற்ற மாதம் வீட்டைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டியிருந்தது. அப்போது அவருக்குப் பதினாறு வயது. "சாவி குடுக்கறதுக்கு முன்னாடி அப்பா வீடு முழுக்கச் சுண்ணாம்பு அடிச்சார் மாமி. கைக்குப்பா, எதுக்கு, நம்ம வீடா இதுன்னு கேட்டேன். இத்தனை வருசம் நம்மள வச்சிருந்ததில்ல, அதுக்குன்னார்" என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் வருத்தம் இல்லை. ஒரு கணக்கைச் சரியாக முடித்த மனிதரைப் பற்றிப் பேசுகிற தோரணைதான் இருந்தது.

பிறகு வெல்டிங் கற்றுக்கொண்டார். மாரெட்பள்ளிக் கல்யாணங்களுக்கு இரும்புக் குழாயில் பந்தல் போட்டார். தொண்ணூற்றெட்டில் ஒரு கட்டட முதலாளி, "கல்யாணப் பந்தல் மாதிரியே ஒண்ணு, ஆனா ரெண்டு வருசம் நிக்கணும்" என்று கேட்டதில் ஆரம்பித்தது இந்தத் தொழில். வெளியே தகரம், உள்ளே பிளைவுட், நடுவே தெர்மோகோல். இருபதடிக்குப் பத்தடி. வேறு அளவில் அவர் செய்யவே மாட்டார். தரையோடு ஒட்டாமல், நான்கு மூலையிலும் நடுவிலும் கல் வைத்து, அதன்மேல் இரும்புச் சட்டத்தைக் கிடத்தி, அதன்மேல் அறையை நிறுத்துவார். சட்டத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி இருக்கும்.

"அடியில பூனை போகணும். போனா அது கேபின். போகலேன்னா அது கட்டடம். கட்டடம் வேணும்னா கொத்தனாரைக் கூப்புடுங்க" என்பார்.

அவர் செய்த சுவர்களுக்கு ஜாதகம் எழுதலாம். ஒவ்வொரு தகட்டிலும் பெயிண்டில் ஓர் எண் போட்டிருப்பார். பதினேழாம் எண் தகடு அமீர்பேட்டையில் ஒரு மாடியின்மேல் ஜாவா வகுப்புக்குச் சுவராக நின்றது. அதில் சாய்ந்துகொண்டு பாடம் படித்த பிள்ளைகள் அமெரிக்கா போனார்கள். அமெரிக்காவில் வேலை சுருங்கிய வருஷம் வகுப்பு மூடப்பட்டது. பதினேழு கழற்றப்பட்டு கண் மருத்துவ முகாமுக்குப் போனது. அங்கிருந்து ஒரு பாலம் வேலைக்கு. ஒரே சுவருக்குப் பின்னால் நம்பிக்கையும் கண்புரையும் சிமெண்டுத் தூசியும் மாறி மாறிக் குடியிருந்திருக்கின்றன. நிரந்தரமான சுவர்களுக்கு இத்தனை அனுபவம் ஏது என்று எனக்குத் தோன்றும்.

இரண்டாயிரத்து ஒன்றில், கேபின் கேட்டிருந்த ஒரு கம்பெனி அதைத் திறப்பதற்கு முன்பே கம்பெனியை மூடிவிட்டது. புத்தம் புதுசாகத் திரும்பி வந்த அந்தக் கேபினை ஆரோக்கியசாமி அம்மணி டீச்சருக்குக் கொடுத்தார்.

அம்மணி டீச்சர் அல்வாலில் தம் வீட்டு முன்னறையில் பாலர் பள்ளி நடத்திக்கொண்டிருந்தார். இராணுவக் குடியிருப்புப் பிள்ளைகளும், காலை ஏழரைக்கே கம்பெனி பஸ் ஏறிவிடுகிற தாய் தகப்பன்களின் பிள்ளைகளும் அங்கே வந்தன. டீச்சர் தமிழில் கேட்பார், அவை தெலுங்கில் பதில் சொல்லும், இரு தரப்புக்கும் எல்லாம் புரியும். முன்னறை கொள்ளாமல் போனபோது, ஓய்வுபெற்ற கர்னல் இராமச்சந்திரன் தம் காலி மனையைத் தந்தார். ஆரோக்கியசாமி கேபினைக் கொண்டுவந்து நிறுத்தினார். "ஆறு மாசத்துக்கு வச்சுக்குங்க டீச்சர்" என்றார். என் பேத்தி சாஹித்யா அங்கே சேர்ந்ததால் நானும் பள்ளிக் கமிட்டியில் ஒருத்தியானேன்.

ஆறு மாதம் ஏழு வருஷமானது. அதற்குள் நாங்கள் சும்மா இருப்போமா? நம்மவர்களுக்கு ஒரு டியூப்லைட்டைக் கொடுத்தால்கூட அதன்மேல் 'உபயம்' என்று எழுதிப் பெயர் போட வேண்டும். வெளிச்சம் பெயரைத் தாண்டி வந்தால் போதும். முதலில் ஃபேன் வந்தது, உபயம். கரும்பலகை வந்தது, உபயம். பிறகு ஒருவர் வாசலில் படிக்கட்டு கட்டிக் கொடுத்தார். இன்னொருவர் உள்ளே டைல்ஸ் போட்டார். தகரத்தில் எழுதினால் அழிந்துவிடும் என்று பெயர்களை எல்லாம் சலவைக்கல்லில் வெட்டிக் கொண்டுவந்தார்கள். அந்தக் கனத்தைத் தெர்மோகோல் சுவர் எப்படித் தாங்கும்? கல்லைப் பதிக்க ஓர் இடம் தேவைப்பட்டது.

சுனாமிக்குப் பிறகு தற்காலிக வீடுகள் போட ஆரோக்கியசாமி நாகப்பட்டினம் போனார். நான்கு மாதம் ஊரில் இல்லை. அந்தச் சமயம் பார்த்துப் பள்ளிக்குப் பக்கத்துப் புதரில் ஒரு பாம்புச் சட்டை கிடந்தது. கமிட்டி கூடியது. கேபினுக்கு அடியில் பாம்பு புகுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்வி எழுந்தது. சுற்றிலும் கான்கிரீட் போட்டு அடிப்பக்கத்தை அடைத்துவிட ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. அடைத்த சுவரில் உபயக் கற்களும் அழகாகப் பதிந்தன. பார்க்க அசல் பள்ளிக்கூடமாகவே ஆகிவிட்டது.

திரும்பி வந்த ஆரோக்கியசாமி குனிந்து பார்த்தார். மண்டியிட்டும் பார்த்தார்.

"பூனை எங்க போகும்?" என்றார்.

எல்லோரும் சிரித்தோம். பிள்ளைகள் அவருக்கு ஒரு சாமந்தி மாலை போட்டன. அவரும் சிரித்துவிட்டார். அங்கேதான் அவர் தவறினார். அதை அவரே பிற்பாடு ஒப்புக்கொண்டார்.

இரண்டாயிரத்து எட்டில் மனைகளின் விலை வானத்துக்குப் போனது. கர்னலின் பிள்ளை மனையை விற்க ஏற்பாடு செய்துவிட்டான். கர்னல் டீச்சரிடம் வந்து நின்றபோது அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. ஜூன் முதல் வாரத்துக்குள் காலி செய்ய வேண்டும். இரண்டு தெரு தள்ளி காலனிச் சங்கத்துக்கு ஓர் இடம் இருந்தது. சங்கத் தலைவர் தண்டபாணி நல்ல மனிதர், ஆனால் சட்டப் புத்தகத்தைத் தலைக்கு வைத்துத் தூங்குகிறவர்.

"தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருந்தால்தான் அனுமதி. கட்டடம் என்றால் கிடையாது. திங்கட்கிழமை காலையில் நான் வந்து பார்ப்பேன். இல்லையென்றால் அந்த இடத்தை செல்ஃபோன் டவருக்குக் கொடுத்துவிடுவோம்" என்றார்.

தூக்கிவிடலாம் என்று ஆரோக்கியசாமி கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வாடகைக்கு இடம் பிடிக்க டீச்சருக்கு வழியில்லை. அந்த வாரம் பள்ளி திறக்காவிட்டால் நாற்பத்திரண்டு பிள்ளைகளும் வேறு இடம் போய்விடும். அதன்பின் திறப்பதற்குப் பள்ளி இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை நூர் முகமது கிரேனைக் கொண்டுவந்தார். வாணியம்பாடிக்காரர், ஆரோக்கியசாமியோடு பத்து வருஷமாகத் தொழில் செய்கிறவர். முந்தின நாள் முழுக்க ஆட்கள் வெளிச்சுவரைக் கடப்பாரையால் இடித்தும் அது அங்கங்கேதான் பெயர்ந்திருந்தது. பெல்ட் மாட்டி, கிரேன் மெல்ல இழுத்தது. கேபின் முனகியது. மேல்பாகம் ஓர் அங்குலம் எழும்பியது, அடிச்சட்டம் அசையவில்லை.

நூர் முகமது கிரேனை நிறுத்திவிட்டு இறங்கினார். "நக்கோ ஆரோக்கியம், வேணாம். இன்னும் இழுத்தா முதுகு முறியும்."

ஆரோக்கியசாமி ஓரிடத்தில் கான்கிரீட்டைக் கொத்தி உள்ளே கையை விட்டார். வெளியே எடுத்தபோது கை நிறையத் துரு இருந்தது. காற்றோட்டம் நின்றுபோனதால் மூன்று மழைக்காலத்துத் தண்ணீரும் உள்ளேயே தங்கி, சட்டத்தை அரித்திருந்தது. கான்கிரீட்டை முழுவதும் உடைத்தாலும் பயனில்லை. தூக்குவதற்கு அடியே இல்லை.

கெட்டியாக இருக்கட்டும் என்று நாங்கள் செய்த ஒவ்வொன்றும் கேபினைக் கீழே பிடித்துக்கொண்டிருந்தது. பிரியமான ஒன்றைக் கண்டால் அதற்குக் கொஞ்சம் கனம் சேர்த்து வைக்க வேண்டும் என்று மனசு துடிக்கிறது. அதன் பலமே கனமில்லாததுதான் என்று அந்த நேரத்தில் எவருக்குத் தோன்றும்?

"ஒரு வழி இருக்கு டீச்சர்" என்றார் ஆரோக்கியசாமி. "தரையிலேர்ந்து ஒரு அடி விட்டு, சுத்தி அறுத்துடலாம். மேல இருக்கிறது நல்லா இருக்கு. ஆனா ரூம் ஒரு அடி குள்ளமாயிடும். வாசல் அஞ்சரை அடிதான் நிக்கும்."

"என் உயரம் நாலு அடி பத்து அங்குலம்ணா" என்றார் அம்மணி டீச்சர். "பிள்ளைங்க அதுக்கும் கீழ. யாருக்கு இடிக்கும்? அறுங்க."

"கீழ சட்டம்?" என்று கேட்டார் நூர் முகமது. "ஞாயித்துக்கிழமை. இரும்புக் கடை எதுவும் இல்ல."

"இருக்கு. என் ஆபீசுக்கு அடியில."

"அப்ப உன் ஆபீசு?"

"மண்ணுல உட்காரட்டும். நான் என்ன நாலு வயசுப் புள்ளையா, பாம்புக்குப் பயப்பட?"

அவர் ஆபீசும் ஒரு கேபின்தான். எல்லாக் கேபினும் ஒரே அளவு என்பதால் அது நடந்தது. நூர் முகமது கிரேனை ஆரோக்கியசாமியின் பட்டறைக்கு ஓட்டிப்போய், அவருடைய ஆபீசைத் தூக்கித் தரையில் வைத்துவிட்டு, தரைப்பலகையோடு சட்டத்தை மட்டும் எடுத்துப்போய்ப் புது இடத்தில் கல்லின்மேல் கிடத்தினார். இங்கே வெட்டுமெஷின் தகரத்தைக் கீறிக்கொண்டே போனது. பொறி பறந்தது. அறுத்து முடித்ததும் கிரேன் திரும்பி வந்து தூக்கியது. இந்த முறை கேபின் முனகவில்லை, சருகு மாதிரி எழும்பியது. கீழே டைல்ஸ் தரை திறந்த வெளியில் பளபளத்தது. ஓரடிச் சுவர் அதைச் சுற்றி நின்றது. சுவர் முழுக்க எங்கள் பெயர்கள்.

கர்னல் தொப்பியைக் கழற்றி நின்றுகொண்டிருந்தார்.

திங்கட்கிழமை தண்டபாணி வந்தார். ஆறடி ஆள். வாசலில் குனிந்து நுழைந்து, உள்ளே சுற்றிப் பார்த்து, குனிந்தே வெளியே வந்தார். இது தற்காலிகம்தானே என்று கேட்டார். ஆரோக்கியசாமி ஸ்பேனரை அவர் கையில் கொடுத்து, "நீங்களே ஒரு போல்ட்டைக் கழட்டிப் பாருங்க சார்" என்றார். தண்டபாணி ஒரு போல்ட்டைக் கழற்றினார். திருப்பி மாட்ட அவருக்குக் கால் மணி நேரம் பிடித்தது. அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்.

வியாழக்கிழமை பள்ளி திறந்தது. நாற்பத்திரண்டு பிள்ளைகளில் நாற்பத்தொன்று வந்தன. மிச்சம் ஒன்றுக்கு அம்மை. புது உபயம் எதையும் சுவரில் பதிக்கக் கூடாது என்று டீச்சர் வாசலில் எழுதி ஒட்டினார். கொடுக்க விரும்புகிறவர்கள் பிஸ்கட் கொடுக்கலாம் என்றும் எழுதியிருந்தது.

இப்போது ஆரோக்கியசாமிக்கு அறுபது நெருங்குகிறது. இன்னமும் வாடகை வீடுதான். சொந்த வீடு கட்டவில்லையா என்று கேட்கிறவர்களிடம், "ஹவ், ஆமா, கட்டணும்" என்று சொல்லிவிட்டு ஸ்பேனரைத் தேடப் போய்விடுவார்.

சங்கத்தின் ஆண்டு மலருக்காக இதை எழுதி முடித்து அம்மணி டீச்சருக்குப் படித்துக் காட்டினேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார்.

"எல்லாம் சரிதான் மாமி. ஒரு இடம் மட்டும் மாத்திடுங்க. அடிப்பக்கத்தை அடைக்கக் கமிட்டி தீர்மானிச்சதுன்னு எழுதியிருக்கீங்க. அன்னைக்கு மழை. கமிட்டிக்கு வந்தது நீங்க ஒருத்தர்தான். பாம்புச் சட்டையைக் கொண்டுவந்து மேஜைமேல போட்டதும் நீங்கதான்."