கரப்பான் டாக்டர்

என் அக்கா விலங்கியலில் பட்டம் வாங்கியவள். தெருவில் அவளுக்குப் பெயர் கரப்பான் டாக்டர். வீடுகளிலும் ஹோட்டல்களிலும் கரப்பான், எலி, கரையான் ஒழிப்பதுதான் தொழில். ஒரு சமையலறைக்குள் நுழைந்தவுடன் மருந்தைத் தொடமாட்டாள். ஜன்னலைச் சாத்தி, விளக்கை அணைத்து, மூச்சுவிடாமல் உட்கார்ந்திருப்பாள். திடீரென்று டார்ச் அடித்தால் எது எந்தச் சந்துக்குள் ஓடுகிறது என்று தெரிந்துவிடும். மருந்து அந்தச் சந்துக்கு மட்டும்தான்.

ஊரே அவளைத் தேடி வந்தது. அப்பாவுக்கு மட்டும் அது வேலையாகவே தெரியவில்லை. குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். கால் காசு உத்தியோகமானாலும் சர்க்கார் உத்தியோகம் என்கிற கட்சி. நாற்காலியும் மின்விசிறியும் இல்லாத இடத்தில் வேலை எப்படி இருக்கும்? யார் விசாரித்தாலும், "வேலை தேடிக்கிட்டிருக்கா" என்பார். அக்கா சிரித்துவிட்டுப் போய்விடுவாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு விடுமுறை நாளில் அக்கா எங்கள் வீட்டுப் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் தலையை விட்டிருந்தபோது அவளுடைய போன் அடித்தது. அப்பா எடுத்தார். அவள் படித்த கல்லூரியிலிருந்து ஒரு பெண். படித்து முடித்தவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள், எவ்வளவு சம்பாதிக்கிறார்கள் என்று கணக்கெடுக்கிறார்களாம்.

"சும்மாதாம்மா இருக்கா," என்றார் அப்பா.

அக்கா வெளியே வந்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. சொந்தக்காரர்களிடம் சொன்னது போகட்டும், படித்த இடத்திலேயே சொன்னது அவளுக்கு நிஜமாகவே வலித்தது. முழங்கை அழுக்கோடு போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

"நான்தாங்க பேசறேன். பூச்சி ஒழிக்கிறது என் தொழில். என்கிட்ட ரெண்டு பேர் சம்பளம் வாங்கறாங்க. அதுபோக, எங்கப்பா கடைசியா வாங்கின சம்பளத்தவிடக் கூடவே எனக்கு நிக்குது. அப்படியே எழுதிக்குங்க."

அப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

மறுமுனையில் எழுதிக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு அந்தப் பெண் கேட்டாள். "அக்கா, எங்க ஹாஸ்டல் பூரா மூட்டைப்பூச்சி. வந்து பார்ப்பீங்களா?"

"வர்றேன். அவ்வளவு பெரிய இடத்துக்கு இன்னொரு ஆள் சேர்க்கணும், ஒரு வாரம் பொறுங்க."

இரண்டு நாள் கழித்துச் சித்தப்பா வந்தார். உட்கார்ந்ததும் வழக்கமான கேள்வி. "என்னண்ணே, பொண்ணு இன்னும் வேலைதான் தேடறாளா?"

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அவ வேலைக்கு ஆள் தேடறாடா. உன் பையன் பட்டம் வாங்கிட்டு வீட்லதானே இருக்கான்? நாளைக்கு வரச் சொல்லு. முதல்ல இருட்டுல சத்தம் போடாம உட்காரப் பழகணும், சொல்லிடு."