மகளை மறிக்க வந்தவர்

கனடாவின் ஸ்காபரோவில் நான் துப்புரவு வேலை செய்த குத்துச்சண்டைக் கூடத்துக்கு அவர் மகளோடு வருவார். சப்பை மூக்கு, அகன்ற தோள். ஒருகாலத்தில் அவரும் குத்துச்சண்டைக்காரர். தலையில் வாங்கிய அடிகள் ஐம்பது வயதிலேயே மறதியாகவும் கைநடுக்கமாகவும் திரும்பி வந்திருந்தன. பேசும்போது வலக்கையை இடக்கையால் அமுக்கிப் பிடித்துக்கொள்வார்.

ஒருநாள், "இவளை மறிச்சுக் கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தனான் தம்பி. என்னைப் போல ஆகக்கூடாது," என்றார்.

மேடையில் மகள் மோதத் தொடங்கியதும் முகம் மலர்ந்து, "இடக்கையால குத்து பிள்ளை!" என்று கத்தினார்.

"அண்ணை, மறிக்க வந்தனீங்களல்லோ?"

"ஆரை?" என்று விழித்தார்.

பிறகு அவர் சொன்னதை மகளிடம் சொன்னேன்.

"தெரியும் அங்கிள். ஒவ்வொருமுறையும் கார்ல அதைத்தான் சொல்லுவார். ஆனா அப்பா சிரிக்கிறது இங்க மட்டும்தான்."

அவளுடைய ஒரு கண் வீங்கியிருந்தது.