பச்சை மூடி டப்பா

ஜீப் வந்தாலே குடும்பக் கட்டுப்பாட்டுக்குப் பிடிக்க வருகிறார்கள் என்று ஆண்கள் வயலுக்குள் ஓடிய எமர்ஜென்சி காலம். உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊருக்கு, யானைக்காலுக்குப் புது மாத்திரையைச் சோதிப்பதாக டாக்டர்கள் வந்தார்கள். என் கணவருக்கும் அடுத்த வீட்டு ஓர்ப்படிக்கும் கால் வீக்கம். நீட்டிய தாளில் படிக்காமலே கையெழுத்துப் போட்டோம்.

எங்களுக்குப் பச்சை மூடி டப்பா; ஓர்ப்படிக்குச் சிவப்பு. மணியக்காரர் வீட்டுக்கும் சிவப்புதான். நமக்கு மட்டும் மட்டமான மருந்தா? சந்தேகம் அரித்தது. ஓர்ப்படி நடவுக்குப் போனதும் மாத்திரைகளை மாற்றிக் கொட்டிவிட்டேன்.

மூன்றாம் நாள் கணவர் காய்ச்சலும் வாந்தியுமாகச் சுருண்டார். டாக்டர் டப்பாவைப் பார்த்துத் திகைத்தார்.

"பச்சையில் மருந்தே கிடையாதேம்மா! ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த வெறும் மாத்திரை."

"இத்த ஏன் எங்க கிட்ட சொல்லல?"

"நீங்க கையெழுத்துப் போட்ட தாளிலேயே இருக்கே."

மாத்திரைகளை மாற்றியதை டாக்டரிடம் நான் ஒப்புக்கொண்டதும் இரண்டு டப்பாவையும் எடுத்துப் போனார்கள். கணவர் பிழைத்தார். இப்போது யார் தாள் நீட்டினாலும் கடைசி வரி வரை படிக்காமல் பேனாவைத் தொடுவதில்லை.

ஓர்ப்படி மட்டும் இன்னும் புலம்புகிறாள்: "மூணே நாள்ல என் காலு வத்திக்கினு வந்துச்சிக்கா. அந்த நல்ல மாத்திரைய ஏன் புடுங்கினு பூட்டாங்க?"

இதைப் படித்தால் தெரிந்துகொள்வாள்.