அவளுக்கு மட்டும் குட்டை முளை

முப்பது வருடம் நீர்ப்பாசனத்தில் வேலை பார்த்தவன் நான். வாய்க்கால் கரை கரைந்தால் தென்னந்தும்பு வலையை விரித்து, மரமுளை அடித்து, அறுகம்புல் நட்டு நிறுத்திவிடுவேன். வலை இரண்டு மூன்று மாரியில் உக்கி மண்ணாகிவிடும். அதற்குள் புல் வேர் பிடித்துவிட வேண்டும். முளையைக் குட்டையாக அடித்தவர்களை வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறேன். அதனால் எங்கள் ஊரில் மையத்துகளை அடக்கும் மையவாடியைக் கடல் தின்னத் தொடங்கியபோது, பள்ளி நிருவாகத்தார் என்னைத் தேடி வந்தார்கள்.

கரை கட்டக் கருங்கல் வரும் வரும் என்று இருந்தால் ஒன்றும் மிஞ்சாது, தும்பு வலை போடுவோம் என்றேன். ஊருக்காகச் சொன்னதுபோல்தான் சொன்னேன். உண்மை வேறு. உடைந்த கரையிலிருந்து ஆறேழு அடியில் என் மனைவியின் கபுறு இருந்தது. அவளைக் கடல் கொண்டுபோகக் கூடாது. எனக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

கல்முனையில் மூன்றடி முளைகள் அறுத்து வந்தோம். மையத்துகள் எல்லாம் மேற்கே கிப்லாவைப் பார்த்து, கடலுக்கு முதுகு காட்டிக் கிடக்கின்றன. அந்த முதுகுகளின் மேல் வலையை விரித்தோம். தலைமாட்டில் நட்ட மீசான் கட்டைகளுக்கு வலையில் வாய் வெட்டி, அந்தக் கபுறுகளுக்குத் தள்ளித் தள்ளி முளை அடித்தோம். மீசான் இல்லாத இடம் வெறும் மண்தானே என்று அங்கே தாராளமாக இறக்கினோம். கூலிக்காரர் மெதுவாக அடிக்கிறார்கள் என்று சம்மட்டியைப் பறித்துப் பாதியை நானே அடித்தேன்.

அவளுடைய மீசானடிக்கு வந்ததும் என் கை ஓடவில்லை. கரை இன்னும் உடைந்து, இப்போது அதுதான் விளிம்பு. தள்ளி அடிக்க இடமில்லை. முளைகளை ஓரடியாக நறுக்கச் சொன்னேன்.

மையவாடியைப் பார்த்துக்கொள்ளும் மோதினார் கிட்ட வந்தார். "சேர், இதில மட்டும் குட்டையா இரிக்கே. நிக்குமா?"

"கடல் கேட்டா நான் பதில் சொல்லிக்கிறன். நீங்க வேலையப் பாருங்க."

மழைக்கு முந்திய நாட்களில், காற்று புகுந்து வலை முழுவதும் மெல்ல எழும்பித் தணிந்தது, தூங்குகிறவரின் போர்வை மாதிரி. பட்டப்பகலில் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க என்னால் ஏலவில்லை. வீட்டுக்கு வந்துவிடுவேன்.

மாரி பிடித்தது. மழை விட்ட ஒரு நாள் லுஹர் தொழுதுவிட்டுப் போனேன். புல்லை நாங்கள் ஒரே இடைவெளியில்தான் நட்டோம். அது வளர்ந்தது அப்படியல்ல. ஆள் நீளத்தில், வடக்குத் தெற்காக, கரும்பச்சை வரிகள். கபுறுக்கு ஒருதரம் வெட்டிய மண் இளகியிருக்கும், வேர் ஆழமாகப் போகும். காரணம் எனக்குத் தெரியும். தெரிந்தும் உடம்பு புல்லரித்தது. மீசான்களைவிட வரிகள் எத்தனையோ அதிகம். கடைசி வரி நீளவாக்கில் பாதி அறுந்து நின்றது. மற்றப் பாதி கடல்.

அவளுடைய மீசானடியில் மட்டும் புல் மஞ்சளாகச் சோர்ந்து கிடந்தது. ஒழுங்காக நடவில்லை என்று கூலிக்காரரை ஏசினேன். தினமும் வாளியில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றினேன். மழைகாலத்தில் தண்ணீர் ஊற்றுகிற மனுசனைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு.

தை மாதம் கடல் கொந்தளித்தது. சுபஹு தொழுகைக்குப் பிறகு ஓடினேன். கரை முழுவதும் நின்றது. குட்டை முளை அடித்த இடம் மட்டும் இல்லை. வலையின் கிழிந்த மூலை அலையில் புரண்டது. இறங்கி இரண்டு கையாலும் மண்ணைத் தோண்டினேன். மூடுபலகை இல்லை, கபன் துணி இல்லை, எலும்பு இல்லை. ஒருபோதும் யாரும் வெட்டாத கெட்டி மண்.

"எங்க அவ?" என்று மோதினாரிடம் கத்தினேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முந்தின வருஷம் வெள்ளத்தில மீசான் எல்லாம் மிதந்து போயிட்டு சேர். எடுத்த எடுத்ததை ஒரு குத்துமதிப்பில நட்டன். அல்லாஹ் மன்னிக்கணும்."

அவரை ஏச வாயெடுத்தேன். அத்தனை நாளும் யாருமில்லாத மண்ணுக்கு யாசீன் ஓதியிருக்கிறேன்.

மேலேறி வந்து பச்சை வரிகளின் நடுவே நடந்தேன். அவளை அடக்கிய அன்று பக்கத்தில் ஒரு பச்சைக் குழந்தையின் கபுறு ஈரம் காயாமல் இருந்தது. இப்போது, கரையிலிருந்து மூன்றாவது வரிசையில், ஒரு முழ நீளத்தில் ஒரு குட்டி வரி. அதை ஒட்டி ஒரு நீள வரி. இரண்டுக்கும் மீசான் இல்லை. அந்த நீள வரியின் மேல் தலையிலிருந்து கால்வரை நான்கு முளைகள், மூன்றடி முளைகள், நான் அடித்தவை.

அப்படியே குந்திவிட்டேன். அல்லாஹ்வே, என்ன காரியம் செய்தேன் என்று அழுதேன்.

மோதினார் மெல்லக் கேட்டார். "கழட்டி விடட்டா சேர்?"

"கழட்டினா அவளும் போயிருவா."

ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். மூன்று இறுகி நின்றன. நெஞ்சுக்கு நேராக நின்றது மட்டும் இளகி, அரை அடி மேலே வந்திருந்தது. கீழே அலை அடுத்த மண்ணை அரித்துக்கொண்டிருந்தது. சம்மட்டியைக் கொண்டுவரச் சொன்னேன். பிஸ்மி சொல்லி, இந்த முறை தெரிந்தே அடித்தேன்.