முசே வீட்டுக் கலியமூர்த்தி

இடது கையைக் கம்பிக்கு அடியில் கொடுத்து, ஒரு விரற்கடை தூக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு நகர்த்தினால் அந்த இரும்பு கேட் சத்தம் போடாது. தொங்கிப்போன கேட், சும்மா தள்ளினால் சிமெண்டுத் தரையில் உரசித் தெருவையே எழுப்பிவிடும். கலியமூர்த்தி தினமும் காலையில் அதைத் தூக்கித்தான் திறக்கிறார். வெளியே வந்ததும் தோளில் கிடக்கும் துணியை உதறி, மதில் தூணில் பதித்திருக்கும் கறுப்புக் கல் பலகையைத் துடைக்கிறார். 'வில்லா செலின்' என்று பெரிய எழுத்து, அதற்குக் கீழே 'ஆ. சவரிநாதன்' என்று சின்ன எழுத்து. எழுத்துப் பள்ளத்தில் தூசி அடைந்திருந்தால் நகத்தால் எடுப்பார். இரண்டடி பின்னால் போய்த் தலையைச் சாய்த்துப் பார்த்து, திருப்தியான பிறகுதான் பால் வாங்கக் கிளம்புவார்.

சவரிநாதன் அவருக்கு மாமனா, மச்சானா? ஒரு உறவும் இல்லை. அந்த வீட்டை விற்றுவிட்டுப் பாரீசோடு போய்விட்ட மனிதர். வாங்கியவர் கலியமூர்த்தி, சரியாகச் சொன்னால், பத்திரம் அவர் மனைவி அமுதவல்லியின் பெயரில். சொந்த வீட்டு வாசலில் அடுத்தவர் பெயரைத் துடைத்துப் பளபளப்பாக்கும் ஆளை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. ஏன் அதைக் கழற்றவில்லை என்று கேட்டால் பதில் தயாராக வைத்திருக்கிறார். "நாலு ஸ்க்ரூ கழட்டணும்ங்க. கழட்டினா செவுத்துல ஓட்ட தெரியும்."

சுவர் மேல் அவருக்கு அப்படியொரு பயம். முதலியார்பேட்டையில் லைன் வீட்டில் குடியிருந்த காலத்தில், மகள் கவிநிலா பள்ளியில் பரிசு வாங்கிய படத்தை மாட்டுவதற்காக ஓர் ஆணி அடித்தார். மாடியில் குடியிருந்த வீட்டுக்கார அம்மாள் குஞ்சம்மாள் இறங்கி வந்தார். ஆணியைப் பார்த்தார், கலியமூர்த்தியைப் பார்த்தார், வேறு வீடு பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு ஏறிப் போனார். ஒற்றை ஆணிக்காகத் தட்டுமுட்டுச் சாமான்களை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக அலைந்தவர் அதற்கப்புறம் எந்தச் சுவரிலும் சுத்தியலை வைக்கவில்லை. இப்போதும் சாமி படம், கல்யாணப் படம், கவிநிலா பட்டம் வாங்கிய படம் எல்லாம் தரையில் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. கட்டிக்கொடுத்த மகள் எப்போதாவது வந்து பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போவாள்.

செய்கிற வேலையும் அதற்கு ஏற்றாற்போல் அமைந்தது. வாலிபத்தில் பஞ்சாலையில் இருந்தார். ஆலை மூடிய பிறகு கடற்கரைப் பக்கம் ஓர் ஓட்டலில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலைக்குச் சேர்ந்தார். இன்றைக்கு அங்கே அவர்தான் மேஸ்திரி மாதிரி. விருந்தாளி போன பிறகு படுக்கை விரிப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து, தலையணையைத் தட்டி, குளியலறையில் ஒரு முடிகூட இல்லாமல் துடைத்து, அங்கே மனுசர் யாரும் தங்கியதே இல்லை என்று சத்தியம் செய்யலாம் போல வைக்க வேண்டும். "இருந்த எடம் தெரியாம இருக்கணும்" என்று புதிதாகச் சேரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுப்பார். ஓட்டலுக்கு அது நல்ல பாடம்தான். அதை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார் என்பதுதான் கோளாறு.

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்று அமுதவல்லி பல வருடம் சொல்லிச் சொல்லி, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்த்து, கருவடிக்குப்பத்துக்கு அந்தண்டை மகிழம்பூ நகரில் இந்த வீடு அமைந்தது. வெகுநாளாகப் பூட்டிக் கிடந்த வீடு. பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கி அங்கேயும் இங்கேயுமாக இருப்பவர்களை இந்த ஊரில் முசே என்பார்கள். எந்தத் தெருவை எடுத்தாலும் ஒரு முசே வீடு பூட்டிக் கிடக்கும். பெருக்கித் துடைத்து விளக்குப் போட ஒரு குடும்பத்தைப் பின்கட்டில் வைத்திருப்பார்கள். அது எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். கலியமூர்த்திக்கும் தெரியும். தெரிந்தும் என்ன செய்தார்? பால் காய்ச்சிய மறுநாள் தட்டில் இனிப்பு வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போய், "முசே வீட்டுக்கு வந்திருக்கோம் சார்" என்று கும்பிட்டுவிட்டு வந்தார். முசே எப்போது வருவார் என்று கேட்டவர்களிடம், இனிமேல் அவர் எங்கே வரப்போகிறார், எல்லாம் பாரீசோடு சரி என்று உண்மையைத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து மகிழம்பூ நகரில் அவர் இல்லாமல் ஒரு காரியம் நடக்காது. சதுர்த்திக்குப் பிள்ளையாரை வண்டியில் ஏற்ற அவர்தான் முதல் கை. மழைக்குச் சாக்கடை அடைத்தால் மூங்கில் கழியோடு இறங்குவார். சங்கக் கூட்டம் என்றால் நாற்காலி போட்டு, முடிந்ததும் அடுக்கி வைத்துவிட்டுத்தான் வருவார். எதிர்வீட்டு முகிலன் ஊருக்குப் போனால் சாவியை இவரிடம் கொடுத்து, செடிக்குத் தண்ணீர் விடச் சொல்வான். அப்படியே காரையும் கொஞ்சம் துடைத்துவிடச் சொல்வான். கலியமூர்த்திக்கு நெஞ்சு விம்மும். "பாத்தியா வல்லி, சாவியவே குடுத்துட்டுப் போறாங்க. சொந்த வூட்டுக்காரனுக்குத்தான் இந்த மரியாத" என்பார். லைன் வீட்டில் ஒரு குடம் தண்ணீருக்கு ஏச்சு வாங்கியவர் இல்லையா? கூடிவாழ்வது என்றால் இதுதான் என்று மனசார நம்பினார். சந்தோஷமாகவும் இருந்தார்.

சில சங்கதிகள் இடிக்கத்தான் செய்தன. தெருவிளக்கை எந்த முனையில் போடுவது என்று சங்கத்தில் கை தூக்கச் சொன்னார்கள். கலியமூர்த்தியும் தூக்கினார். செயலாளர் கோபிநாத்தின் கண் அந்தக் கையைத் தாண்டிப் போய்விட்டது. கடைசி வரிசை, தெரிந்திருக்காது என்று அவரே சமாதானம் செய்துகொண்டார். வைத்திக்குப்பத்திலிருந்து கூடையோடு வரும் மீன்காரம்மாள், அமுதவல்லிக்கு மட்டும் எப்போதும் பொடி மீனையே எடுத்துப் போடுவார். ஒருநாள் வஞ்சிரம் கேட்டதற்கு, "இன்னா, முசே வந்திருக்காரா?" என்றார். அமுதவல்லிக்குச் சுருக்கென்றது. வீட்டுக்கு வந்து சொன்னபோது கலியமூர்த்தி சிரித்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு பலகையைத் துடைக்கப் போய்விட்டார்.

இந்தக் காணும் பொங்கலுக்கு நகர்ப் பூங்காவில் பந்தல் போட்டிருந்தார்கள். உறியடி, கயிறு இழுத்தல், பிள்ளைகளுக்கு ஓட்டப் பந்தயம். கலியமூர்த்தி காலையிலிருந்தே அங்கேதான். அமுதவல்லி மகள் எடுத்துக் கொடுத்த புதுப்புடவையில் நடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். சாயந்திரம் பரிசெல்லாம் கொடுத்து முடிந்த பிறகு கோபிநாத் மைக்கைப் பிடித்தார். கூட்டுறவுத் துறையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். யாரையும் நோகடிக்க நினைக்காத மனிதர். நமக்காக உழைக்கிறவர்களை மறக்கக் கூடாது என்று சொல்லி, ஆளுக்கொரு துண்டும் சாப்பாட்டுத் தூக்கும் கொடுக்கப்போவதாக அறிவித்தார். குப்பை வண்டி தள்ளும் அஞ்சலாட்சி மேடையேறினார். காவல்காரர் இராமதாஸ் ஏறினார். கலியமூர்த்தி கீழே நாற்காலிகளை அடுக்கிக்கொண்டே கை தட்டினார்.

"அடுத்தது, நம்ம எல்லாருக்கும் செல்லப்பிள்ளை. முசே வீட்டக் கண்ணும் கருத்துமாப் பாத்துக்கிற வாட்ச்மேன் கலியமூர்த்தி. முசேவே இங்க இருந்திருந்தாகூட அந்த வீட்ட இப்படிப் பாத்துக்க மாட்டார்."

கை தட்டல் என்றால் அப்படியொரு கை தட்டல். முகிலன் விசில் அடித்தான். கலியமூர்த்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. கையில் இருந்த நாற்காலி கையிலேயே இருந்தது. வேறு யாரையோ சொல்கிறார்கள் என்று ஒரு கணம் திரும்பிக்கூடப் பார்த்தார். எல்லா முகமும் அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. ஒரு முகத்திலும் கெட்ட எண்ணம் இல்லை. அதுதான் இன்னும் கொடுமை. யாராவது வேண்டுமென்று இழிவாகப் பேசியிருந்தால் சண்டைக்காவது போகலாம். அன்பாகக் கூப்பிடுகிறவர்களை என்ன செய்வது? நடு வரிசையில் அமுதவல்லி பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தார்.

மேடை ஏறினார். மைக் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. வாயைத் திறந்தவர் பக்கத்தில் பார்த்தார். அவர் நிற்பதற்காக அஞ்சலாட்சி சிரித்த முகமாய் ஓரடி நகர்ந்து இடம் விட்டுக்கொண்டிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டு, துண்டைத் தோளில் போட்டு, தூக்கை வாங்கிக்கொண்டு, சபையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு இறங்கினார். அமுதவல்லியின் நாற்காலி காலியாக இருந்தது.

வீட்டுக்குப் போனதும் அமுதவல்லி புடவைகூட மாற்றாமல் கூடத்தில் நின்றிருந்தார். மைக்கை வாங்கி ஒரு வார்த்தை சொன்னால் என்ன என்று கேட்டார். கலியமூர்த்தி துண்டை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"பக்கத்துல அஞ்சலாட்சி நிக்கிது. நான் உங்கள மாதிரி ஆளு இல்லன்னு அது மூஞ்சிக்கு நேரா எப்பிடிச் சொல்றது?"

அது அமுதவல்லிக்கும் நியாயமாகத்தான் பட்டது. சுவரோரம் சாய்ந்து நின்ற படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு சத்தம் உயராமல் சொன்னார்.

"அவங்க மேல இன்னா தப்பு? பத்திரத்துல எம் பேரு கெடக்குது. வாசல்ல யாரு பேரோ இருக்குது. அத நீ தெனம் தொடச்சி வெக்கிற. ரெண்டு வருசமா நானும் இந்த வூட்ல வாடகைக்கு இருக்கிறவ மாதிரிதான் இருக்கேன்."

மேடையில் வாங்கிய அடி அடியே இல்லை, இதுதான் அடி. கலியமூர்த்தி அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டியது என்பார்கள். இங்கே ஊர்ப் பிடாரியே ஒண்ட வந்தது போல ஒதுங்கி ஒதுங்கி நின்று, கட்டிய மனைவியையும் கூட நிற்க வைத்திருக்கிறது. ஊர் தன்னை வேலையாளாக நினைத்ததைக்கூட அவர் எப்படியோ தாங்கிக்கொள்வார். அமுதவல்லி இதை இத்தனை நாள் உள்ளே வைத்துக்கொண்டு வளைய வந்திருக்கிறார் என்பதைத் தாங்கத்தான் ஒரு வழியும் தெரியவில்லை. படங்களுக்குப் பக்கத்தில் தாமும் ஒரு படம் போலச் சுவரில் சாய்ந்து கிடந்தார்.

மறுநாள் காலை தோளில் துணி இல்லை. கையில் திருப்புளியும் சுத்தியலும் இருந்தன. டீ போட்டுக்கொண்டிருந்த அமுதவல்லியிடம் போய், "எடுத்துடட்டுமா?" என்று கேட்டார். "எடு" என்றார் அமுதவல்லி, அடுப்பைப் பார்த்தபடியே.

கடற்காற்றில் ஸ்க்ரூக்கள் துருவேறிக் கிடந்தன. திருப்புளியின் முனையை வைத்துச் சுத்தியலால் தட்ட வேண்டியிருந்தது. முதல் தட்டலுக்குக் கலியமூர்த்தியே திடுக்கிட்டு மாடியை அண்ணாந்து பார்த்தார். யாரும் இறங்கி வரவில்லை. அடுத்தது கொஞ்சம் பலமாகவே விழுந்தது. முகிலன் பல் விளக்கியபடி வாசலுக்கு வந்தான். இரண்டு வீட்டில் ஜன்னல் திறந்தது. நடைப்பயிற்சிக்குப் போய்க்கொண்டிருந்த கோபிநாத், முசே வீட்டுப் பலகை ஒரு பக்கமாகத் தொங்குவதைப் பார்த்துவிட்டு ஓடியே வந்தார். மனிதருக்கு மூச்சு வாங்கியது.

"கலியமூர்த்தி, என்னப்பா பண்ற? ஓனர் கிட்ட கேட்டியா?"

"கேட்டுட்டேன் சார். எடுத்துடச் சொல்லிட்டாங்க."

சொல்லிக்கொண்டே கலியமூர்த்தி முகவாயால் வீட்டுப் படியைக் காட்டினார். படியில் டீ டம்ளரோடு அமுதவல்லி நின்றிருந்தார். கோபிநாத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. வீடு கைமாறி இரண்டு வருடம் ஆகிறது, பத்திரம் அமுதவல்லி பேரில் இருக்கிறது என்பதைக் கலியமூர்த்தி, எதற்கோ மன்னிப்புக் கேட்கிற குரலில் சொல்லி முடித்தார். கோபிநாத்தின் முகம் வெளிறிவிட்டது. நேற்றைய மேடை, துண்டு, சாக்கடை, கழி, நாற்காலிகள், அந்தக் கடைசி வரிசைக் கை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக அவர் கண்ணுக்குள் போவது வெளியே தெரிந்தது. எதிர்வாசலில் முகிலன் வாயில் நுரையோடு தன் காரைப் பார்த்தான், கலியமூர்த்தியைப் பார்த்தான், பிரஷ்ஷை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றான்.

"நீ சொல்லவே..." என்று ஆரம்பித்த கோபிநாத் நிறுத்திவிட்டார். பிறகு, "நீங்க சொல்லவே இல்லையே சார்" என்றார்.

"முசே வீட்டுக்கு வந்திருக்கோம்னு சொன்னேனே சார்" என்றார் கலியமூர்த்தி. கிண்டல் ஒரு துளிகூட இல்லை. நிஜமாகவே அவருக்குக் குழப்பமாக இருந்தது.

கடைசி ஸ்க்ரூவும் வந்துவிட்டது. பலகையை இரண்டு கையாலும் தாங்கி இறக்கி, பழைய செய்தித்தாளில் சுற்றி, மதிலோரம் பத்திரமாகச் சாய்த்து வைத்தார். தூணில் நான்கு ஓட்டைகள் தெரிந்தன. ஒரு தடவை தடவிப் பார்த்தார். அவ்வளவுதான், வானம் இடிந்து விழவில்லை. கோபிநாத் இன்னும் கேட்டுக்கு வெளியே, போவதா நிற்பதா என்று தெரியாமல், செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார். அமுதவல்லி படியிலிருந்தே, இன்னொரு டம்ளர் டீ இருக்கிறது என்றார்.

"உள்ள வாங்க சார்" என்று கலியமூர்த்தி கேட்டின் மேல் கை வைத்தார். பழக்கத்தில் இடது கை தானாகக் கம்பிக்கு அடியில் போனது. அதை வெளியே எடுத்தார். பிறகு கேட்டைத் தூக்காமல், உள்ளங்கையால் ஒரே தள்ளாகத் தள்ளினார். அது சிமெண்டுத் தரையை நீளத்துக்கும் கீறிக்கொண்டு, மகிழம்பூ நகர் முழுக்கக் கேட்கும்படி கத்திக்கொண்டு போய், மதிலில் மோதி நின்றது.