வீட்டிலேயே ஸ்கி தீட்டலாம், வாருங்கோ

ஸ்கி சாமான் விற்கிற எங்களுக்கு ஆகப் பெரிய போட்டி பக்கத்துக் கடை இல்லை, வாடிக்கையாளர் வீட்டில் இருக்கிற உடுப்பு மினுக்குகிற அயன் பொக்ஸ்தான்.

சுவிசில் லாங்கன்தால் ஊரில் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில், பனியில் சறுக்குகிற ஸ்கிப் பலகையை வீட்டிலேயே தீட்டி, நன்றாக வழுக்க மெழுகு போடுகிற கருவிகள் தொங்கும் சுவருக்கு முன்னால்தான் என் வேலை. அரம், கல், மெழுகு, சுரண்டி, பிரஷ் எல்லாம் அங்கே இருக்கும். நவம்பரில் முதல் பனி விழுந்த செய்தி வந்ததும் எனக்கு உடம்பெல்லாம் ஒரு பரபரப்பு வந்துவிடும். நீங்களும் ஒரு கவுண்டருக்குப் பின்னால் கால் கடுக்க நின்றவர் என்றால் கீழே சொல்வதெல்லாம் உடனே விளங்கும். நிற்காதவர்கள் எங்களுக்காகக் கொஞ்சம் இரங்குங்கோ.

புகை

ஒரு சனிக்கிழமை காலை, கடை திறந்த கையோடு ஸ்ரீகாந்தன் அண்ணையும் மனைவி சுபா அக்காவும் வந்தார்கள். அண்ணை மரத்தொழிற்சாலையில் வேலை, அக்கா முதியோர் இல்லத்தில் தாதி. அண்ணையின் முகம் தொங்கிப்போய் இருந்தது. அக்காவின் கையில் ஒரு பை. அதற்குள்ளிருந்து அயன் பொக்ஸை எடுத்து என் முன்னால் வைத்தார். ஆவி வருகிற ஓட்டைகள் எல்லாவற்றிலும் பச்சை மெழுகு இறுகிக் கிடந்தது.

நடந்தது இதுதான். அண்ணை வீடியோ ஒன்றைப் பார்த்துவிட்டு, தன் ஸ்கிக்கு வீட்டு அயனாலேயே மெழுகு உருக்கிப் போட்டிருக்கிறார். புகை கிளம்பி, அறையிலிருந்த புகைமணி அலறி, மேல்மாடிக்காரர் வேறு ஓடி வந்திருக்கிறார். அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. அடுத்த நாள் விடிய அக்கா அதே அயனால் தன் வெள்ளை வேலைச் சட்டையை மினுக்க, முதுகில் பச்சையாக ஒரு பட்டை.

நான் ஸ்கி அயன் ஒன்றை எடுத்துக் காட்டினேன். அடித்தட்டில் ஓட்டை இல்லை, சூடு ஏறி இறங்காமல் ஒரே அளவில் நிற்கும். மற்றதெல்லாம் ஆக மலிவானதை எடுங்கோ, இது ஒன்றில் மட்டும் கஞ்சம் பிடிக்காதேங்கோ, மெழுகு புகைந்தால் ஸ்கியின் அடிப்பக்கமே கருகிவிடும் என்று விளக்கினேன். அண்ணை விலையைப் பார்த்து வாயைத் திறக்கப் போனார். அக்கா முந்திக்கொண்டார்.

"பிள்ளை, இவருக்கு இந்த அயனைக் குடும், இல்லாட்டி ஒரு தனி வீடு பாத்துக் குடும். ரெண்டிலை எது மலிவோ அதைச் செய்யும்."

வனிலா

தொலைபேசியில் ஒரு தமிழ்த் தகப்பன். மகளுக்குப் பள்ளிக்கூடத்து ஸ்கிமுகாம், திங்கள் பயணம். "அக்கா, மெழுகு எண்டால் மெழுகுதானே? வீட்டிலை மெழுகுதிரி கிடந்துது, நல்லாத் தேய்ச்சுப் போட்டன்." கொஞ்ச நேரம் வழுக்கும், மத்தியானத்துக்கு முன் தேய்ந்து போய்விடும், கையால் தேய்க்கிற ஸ்கி மெழுகுக் கட்டி ஒன்று வாங்கி மகளின் பையில் போட்டு விடுங்கோ, ஒரு பழைய வைன் போத்தல் தக்கையால் அழுத்தித் தேய்த்தால் போதும் என்றேன். மறுமுனையில் பெரிய நிம்மதிப் பெருமூச்சு.

"அப்ப சரி அக்கா. ஆனால் அது வாசத் திரி, இப்ப வீடு முழுக்க வனிலா மணம். அதுக்கு உங்கட கடையிலை ஏதும் இருக்கோ?"

கறுப்புப் பேனை

நான் ஸ்கி பழகியதே முப்பத்தொன்பது வயதில். இரண்டாவது வருடம், ஐஸ் பிடித்த சரிவு ஒன்றில் வளைந்து திரும்ப முயன்றேன், ஸ்கி திரும்பவில்லை. உருட்டிவிட்ட கல் மாதிரிச் சறுக்கிக்கொண்டு போய் ஓரத்துப் பாதுகாப்பு வலையில் சிக்கினேன். காயம் இல்லை, பயம்தான். அதன்பிறகு பனி மினுங்கினாலே அந்தச் சரிவைச் சுற்றிக்கொண்டு போய்விடுவேன். எங்கள் கடைப் பட்டறையில் வேலை செய்கிற ரேத்தோ என் ஸ்கியைத் தூக்கிப் பார்த்தான். ஸ்கியின் இரண்டு ஓரத்திலும் மெல்லிய இரும்பு விளிம்பு ஓடும், ஐஸைக் கடித்துப் பிடிப்பது அதுதான். என்னுடையதில் அது சோப்புக்கட்டியின் ஓரம் மாதிரி உருண்டு கிடந்தது.

ஒவ்வொரு முறையும் பட்டறையில் காசு கட்டித் தீட்டுவது என் சம்பளத்துக்குச் சரிவராது. எங்கள் சுவரிலேயே ஆக மலிவான கோணச்சட்டம் ஒன்றை எடுத்தேன். அரத்தை ஒரே சாய்வில் பிடித்துத் தருகிற கைப்பிடி அளவுச் சாமான். சாய்வை மாற்ற முடியாது, ஒரே ஒரு சாய்வுதான். பெரிய ஓட்டக்காரருக்கு அது குறை, எனக்கு அதுவே வரம், ஏனென்றால் பிழைவிட வழியே இல்லை.

ரேத்தோ கேட்காமலே ஒரு கறுப்புப் பேனையை நீட்டினான். விளிம்பு முழுக்கக் கறுப்பு அடித்துவிட்டு, அரத்தை மெதுவாக நுனியிலிருந்து வால் பக்கம் ஒரே திசையில் இழுக்கச் சொன்னான். கறுப்பு எங்கே மிஞ்சுகிறதோ அங்கே அரம் தொடவில்லை என்று அர்த்தம். முதல் இழுவையில் பாதி போனது. இன்னும் இரண்டு இழுவையில் முழுக்கப் போய், கீழே பளபளவென்று வெள்ளிக் கோடு! சத்தியமாகச் சொல்கிறேன், கடை என்றும் பாராமல் கத்திவிட்டேன். சப்பாத்துப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். ரேத்தோ தலையைச் சொறிந்தான்.

"வசந்தி, பதினைந்து வருடமாக நான் விளிம்பு தீட்டுகிறேன். ஒருவரும் இதற்குக் கத்தினதில்லை. இனி நானும் கத்தப்போகிறேன்."

அலுமினியப் பெட்டி

ஹெர் மோஸர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர். சுவரில் ஆக உயரத்தில் வைத்திருக்கும் அலுமினியப் பெட்டிதான் வேண்டும் என்று நின்றார். திறந்தால் உள்ளே பஞ்சணைக் குழிகளில் அரங்கள், சட்டங்கள், நாலு நிற மெழுகு, குதிரைமயிர்ப் பிரஷ், ஸ்கியைப் பிடிக்கும் கவ்விகள். ஒரு பல்வைத்தியரின் மேசை மாதிரி இருக்கும். வருடத்தில் எத்தனை நாள் மலைக்குப் போவீர்கள் என்று கேட்டேன். முழங்கால் விட்டால் ஒரு கிழமை என்றார்.

முதலாளி ஃப்ராவ் கெர்பர் கல்லாவிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை உங்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனாலும் மனசு கேட்கவில்லை. பெட்டியை மூடினேன். ஒரு கோணச்சட்டம், ஒரு அரம், தீட்டின பிசிரை எடுக்க ஒரு சின்ன வைரக்கல், அயன், எந்தக் குளிருக்கும் பொருந்துகிற ஒரு மெழுகுக் கட்டி, பிளாஸ்டிக் சுரண்டி, நைலோன் பிரஷ். இவ்வளவும்தான். கவ்விக்குப் பதிலாக இரண்டு மரக்கட்டை, ஸ்கியின் பக்கத்தில் நீட்டிக்கொண்டு நிற்கிற பிரேக்கை மடக்கிப் பிடிக்க ப்ரொக்கோலி கட்டி வருகிற றப்பர் வளையம் போதும் என்றேன். ரயில் ஓட்டுநர் ப்ரொக்கோலியைக் கேட்டதும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்.

அடுத்த கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். பிழை ஏதும் நடந்துவிட்டதோ என்று நினைத்தேன். அந்த அம்மா நேரே சுவருக்குப் போய் ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினார்.

"எனக்கும் இதே சாமான் ஒரு செட். அவர் தன்னுடைய அரத்தைத் தொட விடுகிறார் இல்லை. என் ஸ்கியையும் தானே தீட்டுவேன் என்று மூன்று நாளாகத் தூக்கி வைத்திருக்கிறார்."

உடுப்புத் தோய்க்கிற அறை

எங்கள் கட்டடத்தில் என் நிலவறைக்கு மின்சாரப் பிளக் இல்லை. பக்கத்தில், எல்லா வீட்டாரும் முறை வைத்து உடுப்புத் தோய்க்கிற வாஷ்குசேயில் இருக்கிறது. சுவிசில் இருப்பவர்களுக்குத் தெரியும், அந்த முறை அட்டவணை பஞ்சாங்கத்தை விடக் கறார். என் முறை இல்லாத ஒரு வியாழன் பின்னேரம், மெஷின் ஓடாத நேரம் பார்த்து மெழுகு போட்டுக்கொண்டிருந்தேன். சுரண்டின மெழுகு நிலம் முழுக்கத் தேங்காய்ப்பூ மாதிரிச் சிதறிக் கிடந்தது.

கதவு திறந்தது. கட்டடத்தைப் பார்க்கிற ஹவுஸ்வார்ட்! ஒரு சொட்டுச் சிரிப்பு வராத மனிதர். நான் அவசரமாகத் தும்புத்தடியைத் தேடினேன். அவர் குனிந்து ஸ்கியை எடுத்தார், பெருவிரல் நகத்தை விளிம்பில் மெதுவாக வைத்து இழுத்தார். நகம் சுரண்டுப்பட்டு மெல்லிய வெள்ளைத் தூள் விளிம்பிலேயே நின்றது. நல்ல கூர் என்பதற்கு அதுதான் அடையாளம். நகத்தையும் ஸ்கியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இது வீட்டு விதிக்கு முழுக்க விரோதம், ஃப்ராவ் வசந்தி. நீங்கள் அயனை அணைக்காதீர்கள், நான் என்னுடைய ஸ்கியை எடுத்துக்கொண்டு வருகிறேன்."

ஐஸ்

எங்கள் பகுதி ஸ்கிக் கடைகள் வருடா வருடம் தங்களுக்குள் ஒரு ஓட்டம் வைக்கும். ஒரு கடைக்கு மூன்று பேர், மூவரும் கீழே வந்து சேர்ந்தால்தான் கணக்கு. எங்களுக்கு ரேத்தோ, ஃப்ராவ் கெர்பர், காலணிப் பக்கம் நிற்கிற ஸான்ட்ரா. ஓட்டத்துக்கு இரண்டு நாளிருக்க ஸான்ட்ராவுக்கு முழங்கால் சுளுக்கியது. முதலாளி என்னைப் பார்த்தார். நான் மேலே பார்த்தேன், கீழே பார்த்தேன், மாட்டேன் என்றேன். நீ இல்லையென்றால் ஓட்டமே இல்லை என்றார். அன்று பின்னேரம் முழுக்க வீட்டில் விளிம்பைத் தீட்டினேன், கல்லால் தடவினேன், திரும்பவும் தடவினேன்.

ஓட்ட நாளுக்கு முந்தின நாள் மழை பெய்து, விடியற்புறம் உறைந்துவிட்டது. ஓபர்லாண்ட் மலையில் ஓட்டம் நடக்கிற சரிவு கண்ணாடி மாதிரி மினுங்கியது. என் கணவர் ராஜன் ஹோட்டல் சமையல்காரர், அன்று லீவு எடுத்து பிளாஸ்கில் இஞ்சித் தேத்தண்ணியோடு வந்திருந்தார். "இஞ்சை பார், பயமெண்டால் மேலை இருந்து நடந்தே இறங்கி வா, ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்" என்றார். மேலே போகிற லிஃப்டில் ஏறி இருந்தபிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

எனக்கு முன்னால் போனவர்களை நின்று பார்த்தேன். நடுவில் ஒரு செங்குத்து வளைவு. வேகமாக வந்தவர்கள் அதில் ஒருவர் பின் ஒருவராகப் பக்கவாட்டில் வழுக்கி வலைக்குப் போனார்கள். என் பெயரைக் கூப்பிட்டார்கள். தள்ளினேன். முதல் வளைவில் ஸ்கி கறகறவென்று சத்தம் போட்டது. வழுக்கப்போகிறேன் என்று பல்லைக் கடித்தேன். வழுக்கவில்லை! விளிம்பு ஐஸைப் பிடித்துக்கொண்டது. அடுத்ததும் பிடித்தது. அந்தச் செங்குத்தில் முழு உடம்பையும் பள்ளத்துப் பக்கம் சாய்த்தேன், ஸ்கி தண்டவாளத்தில் போகிற மாதிரி வளைந்து என்னை வெளியே கொண்டு வந்தது. வாய்விட்டுக் கத்திக்கொண்டே கீழே வந்தேன். ராஜன் பிளாஸ்கைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

நேரத்தில் நான் கடைசிக்குக் கிட்ட. ஆனால் முக்கால்வாசிக் கடைகளுக்கு ஒருவராவது வலையில். நாங்கள் மூவரும் முழுசாக வந்ததால் எங்களுக்கு இரண்டாமிடமும் ஒரு பெரிய சீஸ் வட்டமும். முதலாளி என்னைக் கட்டிப்பிடித்ததில் என் கண்ணாடி கழன்றது. வேறு கடையிலிருந்து வந்த ஒரு தாடிக்காரர், தாடி முழுக்கப் பனியோடு, என் ஸ்கியைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்த மெஷினில் தீட்டினது என்று கேட்டார். கையால், வீட்டில் என்றேன். மனிதர் வாய் நிறையச் சிரித்தார்.

"என்னுடைய ஸ்கி எனக்கு முன்னாலேயே தனியாகக் கீழே வந்து சேர்ந்துவிட்டது. உங்களுடையது உங்களோடே வந்திருக்கிறது. அதுதான் அம்மா நல்ல தீட்டு."

மலிவான கருவி வாங்கி வீட்டிலேயே தீட்டினால் காசு மிஞ்சும் என்று சொல்லித்தான் இன்றைக்கும் விற்கிறேன், மிஞ்சினதெல்லாம் லிஃப்ட் டிக்கெட்டுக்குப் போய்விடும் என்பதை மட்டும் வாங்குகிறவர்கள் தாங்களாகவே கண்டுபிடிக்கட்டும் என்று விட்டுவிடுகிறேன்.