கன்னத்தில் ஒதுக்கிய மாத்திரை

ராயப்பனுக்குப் பாடியில் ஒரு கம்பெனியில் வார்ப்பு மணல் சலிக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூர் மாதா கோயிலில் பூசைக்கு மணி அடிப்பதும் அவர்தான். பதினெட்டு அடி, ஒன்று கூடாது, ஒன்று குறையாது. எண்பத்தாறாம் வருஷம் ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்தில் ஒரு நாள் பதினோராவது அடியோடு மணி நின்றுபோனது. சனங்கள் வெளியே வந்து பார்த்தார்கள். அவர் கயிற்றை விடாமல் குனிந்து இருமிக்கொண்டிருந்தார். கைக்குட்டையில் ரத்தம்.

டி.பி. என்றார்கள். அவருடைய அண்ணன் அதில்தான் போனார். ஒன்றரை வருஷம் ஊசியும் மாத்திரையும் என்று சொல்லியிருந்தார்கள். அண்ணன் பாதியிலேயே வெறுத்துப்போய் நிறுத்திவிட்டார். நமக்கும் அதே வழிதான் என்று ராயப்பன் மனசைத் தேற்றிக்கொண்டார்.

அம்பத்தூரில் அப்போது ஒரு சின்ன ஆராய்ச்சி கிளினிக் நடந்தது. அங்கே இருந்த டாக்டர், "புது மருந்து வந்திருக்கு. ஆறு மாசத்துல குணமாகுதா, எட்டு மாசம் வேணுமான்னு பாக்கறோம். உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். ராயப்பன் கையெழுத்துப் போட்டார். நர்ஸ் பூங்காவனம் ஒட்டியிருந்த கவர் ஒன்றைக் கிழித்தார். உள்ளே இருந்த சீட்டில் ஆறு மாசம் என்று இருந்தது.

"இன்னா சிஸ்டர், லாட்டரி மாதிரி கீது?"

"யாருக்கு எதுன்னு நாங்க பொறுக்கக் கூடாதுண்ணே. அதான் கவரு."

ராயப்பன் அதைத் திருவுளச்சீட்டு என்றே எடுத்துக்கொண்டார். தன் பேருக்கு ஆண்டவர் நல்ல சீட்டை எடுத்துக் கொடுத்துவிட்டார். அடுத்து நின்ற கோதண்டத்துக்கு வேறு சீட்டு வந்தது. பாவம், அவனுக்குப் பழைய மருந்துதான் போலிருக்கிறது என்று நினைத்தார். யாரிடமும் கேட்கவில்லை.

தினமும் காலை ஏழு மணிக்குப் பூங்காவனம் கண் எதிரே விழுங்க வேண்டும். நாலைந்து மாத்திரையில் ஒன்று சிவப்பு. அதை விழுங்கினால் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், கண்ணீரும் வியர்வையும்கூட அப்படித்தான், பயப்படக் கூடாது என்று முதல் நாளே சொல்லிவிட்டார். முதல் மாசம் வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்தார். அப்புறம், கோயில் மணி அடிக்கிற மனுஷன் ஏமாற்றமாட்டார் என்று விட்டுவிட்டார். ஈஸ்டர் பூசைக்கு ராயப்பன் பதினெட்டும் அடித்தார்.

அதற்குப் பிறகுதான் ஞானசௌந்தரி இரும ஆரம்பித்தாள். அவர் மனைவி. பள்ளிக்கூடத்துச் சத்துணவில் சமையல்.

"கிளினிக்குக்கு வா சௌந்தரி."

"வந்தா? நாளைக்கே அடுப்பாண்ட சேக்க மாட்டாங்க. போய் உன் வேலையப் பாரு."

அவர் வற்புறுத்தவில்லை. அவர் பயம் வேறு. அவளுக்கு எந்தக் கவர் வருமோ? ஒரு வீட்டுக்கு இரண்டு தரம் நல்ல சீட்டு வருமா? இரண்டு நாள் ஜெபம் பண்ணினார். பிறகு ஒரு முடிவுக்கு வந்தார்.

சின்ன வயசிலிருந்து பூசையில் சாமியார் நாக்கில் வைக்கிற அப்பத்தை, நன்மையை, வாங்குகிறவர் அவர். அப்பம் பல்லில் படக் கூடாது, கடிக்கக் கூடாது, நாக்கோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும் என்று பழகிய வாய். சிவப்பு மாத்திரையைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு மற்றதைத் தண்ணீரோடு விழுங்கினார். கேட்டுக்கு வெளியே ஞானசௌந்தரி டிபன் கேரியரோடு நிற்பாள். கைக்குட்டையில் துப்பி அவளிடம் கொடுத்தார். ஒரு நாள் அவருக்கு, ஒரு நாள் அவளுக்கு. இப்படியே இரண்டு வாரம் போனது.

ஒரு நாள் பூங்காவனம் அவருடைய சிறுநீர் பாட்டிலைத் தூக்கிப் பார்த்தார். "இன்னாண்ணே, பச்சத்தண்ணி மாதிரி கீது?"

"நெறைய தண்ணி குடிச்சேன் சிஸ்டர்." அந்தப் பொய்யை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் சொல்ல என்று மனசில் எடுத்து வைத்தார்.

மறுநாள் அவர் வெளியே வரும்போது பூங்காவனமும் கூடவே கேட்டுவரை வந்துவிட்டார். ராயப்பனால் வாய் திறக்க முடியவில்லை. கன்னத்தில் மாத்திரை. அன்றைக்கு ஞானசௌந்தரியின் முறை.

"ஏம்மா, இவரு ஊட்ல வாந்தி கீந்தி எடுக்கறாரா?" பூங்காவனம் அவளிடம் கேட்டார். "ஒரு நாள் உள்ள போய் ஒரு நாள் போவலன்னா கிருமி சாவாதும்மா, மருந்துக்குப் பழகிக்கும். அப்பால எதுவும் கேக்காது. அவங்க அண்ணன் கதையா ஆயிடும்."

ஞானசௌந்தரிக்கு முகம் மாறிவிட்டது. கணவரைப் பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். வெள்ளைப் புடவை. அந்த முந்தானை ஓரத்தில் செம்மஞ்சளாய்ச் சின்னச் சின்னக் கறைகள். சத்துணவு அடுப்புப் புகையில் கண் கலங்கும்போதெல்லாம் துடைத்தது. எவ்வளவு துவைத்தும் போகவில்லை.

பூங்காவனம் அந்த முந்தானையைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"அண்ணே, வாயத் தொற."

திறந்தார். மாத்திரை பாதி கரைந்து நாக்கெல்லாம் சிவப்பு.

"அஞ்சு அப்பத்த அத்தினி பேருக்குப் பங்கு வச்சாரு சிஸ்டர் ஆண்டவரு," என்றார் தலையைக் குனிந்துகொண்டு. "நான் ஒரு மாத்திரையத்தான் வச்சேன்."

"அது அப்பம்ணே. இதப் பங்கு வச்சா ரெண்டு பேரும் போயிடுவீங்க. கூட்டியாந்து உள்ள உக்கார வச்சிருக்கலாமே?"

"இவளுக்கு வேற கவரு வந்துட்டா?"

"வந்தா இன்னா? எந்தக் கவரும் வெறுங்கவரு இல்ல. கோதண்டத்துக்கும் இதே செவப்பு மாத்திரதான், ரெண்டு மாசம் கூட. கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

ராயப்பன் கேட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஞானசௌந்தரியின் சளியில் கிருமி இருந்தது. புள்ளைங்களுக்கு ஆக்கிப்போடுகிற கை என்று அவளே அடுப்பை விட்டு விலகி, பள்ளிக்கூடத்து டீச்சரிடம் உண்மையைச் சொன்னாள். ஆயா கன்னியம்மாள், "நீ தேறி வா, நான் பாத்துக்கறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள். ஆராய்ச்சிக் கணக்கில் ராயப்பனின் சீட்டு இனிமேல் சேராது என்றார் டாக்டர். மருந்து நிற்காது, இருவருக்கும் முதல் நாளிலிருந்து தொடங்கும். ஆனால் கிருமி மருந்துக்குப் பழகிவிட்டதா என்பது சளியை வளர்த்துப் பார்த்தால்தான் தெரியும். அதற்கு இரண்டு மாசம் ஆகும்.

அந்த இரண்டு மாசமும் ராயப்பன் மணி அடித்து முடித்ததும் கயிற்றைப் பிடித்துக்கொண்டே ஒரு அருள்நிறைந்த மரியே ஜெபம் சொல்லிவிட்டுத்தான் உள்ளே போனார். சௌந்தரி பேருக்கு மட்டும்.

ஆகஸ்ட்டில் ஒரு காலை பூங்காவனம் இரண்டு காகிதத்தோடு வந்தார். "பழகல. ரெண்டு பேருக்கும் மருந்து நல்லா கேக்குது."

ராயப்பன் சிலுவை போட்டுக்கொண்டார். கோப்பையிலிருந்த மாத்திரைகளை விழுங்கிவிட்டு எழுந்தார். ஞானசௌந்தரி அவர் கையைப் பிடித்துத் திரும்ப உட்கார வைத்தாள்.

"ஆ காட்டு."

"உள்ள போயிடுச்சு சௌந்தரி. ஆண்டவர் சத்தியமா."

"ஆண்டவர ஏன் இழுக்கற? காட்டு."

காட்டினார். அவள் விரலை விட்டு இரண்டு கன்னத்தையும் துழாவிப் பார்த்தாள். அப்புறம் தன் கோப்பையை எடுத்துக்கொண்டாள்.